பழைய ரீஃப் தொட்டியில் பாறையை மாற்றி அடுக்கப் போகிறீர்களா?

ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, இரண்டு மூன்று வருடம் நன்றாக ஓடிவிட்டால் கை சும்மா இருக்காது. இந்தப் பாறையை இடப்பக்கம் தள்ளலாமே, நடுவில் ஒரு குகை வைக்கலாமே என்று தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கினால் மாலைக்குள் முடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். கலங்கிய தண்ணீர் தெளிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் ஒரு கோபி மீன் செத்துவிட்டது.

நான் பாறையை மட்டுமே யோசித்தேன், அதன் அடியில் இருந்த மணலை யோசிக்கவில்லை. தீனித் துணுக்கு, மீன் கழிவு எல்லாம் வருடக்கணக்கில் பாறையின் காலடியில்தான் போய்ச் சேரும். அங்கே நீரோட்டம் கிடையாது. மணல் ஆழமாக இருந்தால் அடியில் ஆக்ஸிஜனும் இருக்காது. அந்த இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு உருவாகும். பாறையைச் சட்டென்று தூக்கினால் அடைந்து கிடந்த எல்லாம் ஒரே மூச்சில் தண்ணீருக்குள் வந்துவிடும். மணல் கறுத்திருந்து, அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் அதுதான் அறிகுறி. அங்கேயே கையை நிறுத்துங்கள்.

தூக்குவதற்கு முன்பே பாறையைச் சுற்றியுள்ள மணலை ஒரு குழாய் போட்டு உறிஞ்சி வெளியேற்றுங்கள். அதைவிட முக்கியம், முழுத் தொட்டியையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். இந்த வாரம் ஒரு மூலை, அடுத்த வாரம் இன்னொன்று. வெளியேறும் தண்ணீருக்கு ஈடாக ஊற்ற வேண்டிய உப்புநீரை முந்தின நாளே கலந்து, தொட்டியின் வெப்பத்துக்கும் உப்பு அளவுக்கும் (பொதுவாக லிட்டருக்கு சுமார் 35 கிராம்) கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் நாலைந்து நாள், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து, எடுத்த பாறையை எங்கே வைப்பது? தரையில் துண்டு விரித்து வைப்பவர்கள் உண்டு, குழாய்த் தண்ணீரில் கழுவுபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். அந்தப் பாறைதான் உங்கள் ஃபில்டர்; அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதன் துளைகளில் குடியிருக்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். ஈரமாக இருந்தால் சில நிமிடம் வெளியே இருப்பதில் பாக்டீரியாவுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சுக்குக் காற்று பட்டால் ஆகாது. அது செத்து அழுகினால் மறுபடி அம்மோனியாதான். ஒரு டப்பில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, அதற்குள் வையுங்கள்.

இப்போது விளையாட்டில்லாத விஷயம். பாறையில் ஜோவாந்திட், பாலிதோவா வகைப் பவளம் இருந்தால் அதைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், கொதிக்க வைக்கவே கூடாது. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. திவலையாகவோ ஆவியோடோ மூச்சில் போனாலே போதும். 2018-இல் இங்கிலாந்தின் ஸ்டீபிள் ஆஸ்டன் கிராமத்தில் ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து பவளத்தை வெளியே எடுத்தார். குடும்பத்தில் ஆறு பேரும், உதவிக்கு வந்தவர்களில் சிலரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை தொட்டிப் பக்கமே போகாதீர்கள்.

திரும்ப அடுக்கும்போது பாறையை மணல்மேல் உட்கார வைப்பது பலர் செய்யும் தவறு. கோபியும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டும், ஒரு நாள் இரவில் அடுக்கு சரியும், கண்ணாடியும் விரிசல் விடலாம். அடிப்பாறை தொட்டியின் தளத்திலேயே நிற்கட்டும். மணல் அதைச் சுற்றி வரட்டும். ஒட்டுவதற்கு எபாக்ஸி பசை பயன்படுத்தினால் ஸ்கிம்மரில் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) நுரை பொங்கிக் கொட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பவளங்களை இடம் மாற்றும்போது அழகை மட்டும் பார்க்காதீர்கள். கீழே நிழலில் இருந்ததை ஒரேயடியாக விளக்குக்கு அருகே ஏற்றினால் வெளிறிப் போகும். படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். டார்ச், ஹாமர் போன்ற பவளங்கள் பகலில் அடக்கமாக இருந்துவிட்டு இரவில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டி, பக்கத்துப் பவளத்தைப் பதம் பார்க்கும். கேலக்ஸியா என்ற பவளம் அதைவிட மோசம். நான் அதைத் தனி மூலைக்கே அனுப்பிவிட்டேன். அனிமோனி (பூப்போல விரியும் கடல் உயிரி) பாறையில் பிடித்திருந்தால் பிய்க்காதீர்கள். அதன் ஒட்டும் அடிப்பகுதி கிழிந்தால் பிழைப்பது சிரமம். பாறையோடு சேர்த்தே நகர்த்துங்கள்.

தண்ணீர் மட்டம் இறங்கும் என்பதால் ஹீட்டரை முதலிலேயே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கலாம்.

அப்புறம் அந்த கோபி. அது தண்ணீர் கலங்கியதால் சாகவில்லை. நான் தூக்கிய பாறையின் துளைக்குள் பயந்து ஒளிந்திருந்தது. வெளியே வைத்த பாறைக்குள்ளேயே காய்ந்து போயிருந்ததை மாலையில்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் பாறையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சில நொடிகள் சாய்த்துப் பிடிக்கிறேன். உள்ளே ஒளிந்தது பெரும்பாலும் தானாகவே கீழே குதித்துவிடும். டப்பில் மிஞ்சிய தண்ணீரையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் கொட்டுவதில்லை.