உப்புக்காற்றுக்குத் தாங்கும் ஷீல்டு கேபிள் ஜாயின்ட் போடுவது எப்படி

குளச்சல், சின்னமுட்டம் விசைப்படகுகளிலும் முப்பந்தல் காற்றாலைகளிலும் ஒரே தவறைப் பார்க்கலாம். கேபிளின் கோர்களை (உள்ளே ஓடும் சிக்னல் ஒயர்களை) ஒழுங்காகச் சேர்த்துவிட்டு, அவற்றைச் சுற்றி வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையான ஷீல்டை வெட்டியபடியே விட்டுவிடுவார்கள். படகில் என்ஜின் ஓடாதபோது எல்லாம் சரியாகக் காட்டும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கியதும் ரீடிங் குதிக்கும். கருவியை மாற்றினாலும் அது தீராது.

இங்கே சொல்வது 0.5 முதல் 1 சதுர மிமீ வரையுள்ள சிக்னல் கேபிளுக்கு. விஎச்எஃப் ரேடியோவின் ஆன்டெனா கேபிளை இந்த முறையில் ஒட்டக்கூடாது. அதற்கு அதே ஓம் மதிப்புள்ள கனெக்டர்தான் வேண்டும். கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) கேபிளையும் நடுவில் வெட்டாமல் இருப்பதே நல்லது.

தேவையானவை: ராட்செட் (முழுதாக அழுத்தும்வரை விடாத பூட்டு) உள்ள கிரிம்பிங் டூல், உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் வகை சிவப்பு பட் ஸ்ப்ளைஸ் (இரு ஒயர் முனைகளை எதிரெதிரே நுழைத்து நெரிக்கும் குழல், 0.5–1.5 சதுர மிமீ), மேலே போட பசையுள்ள, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் 3:1 ஸ்லீவ், தகரம் பூசிய செம்புப் பின்னல் உறை, ஹீட் கன், மல்டிமீட்டர். சாதா குறடு வேண்டாம். அது குழலைச் சப்பையாக்கும், ஆனால் இழைகளை இறுக்காது. படகின் அதிர்வில் சீக்கிரமே தளர்ந்துவிடும்.

முதலில் பவரை அணைத்து, இரு முனைகளையும் கருவியிலிருந்து கழற்றுங்கள். ஸ்லீவையும் பின்னல் உறையையும் இப்போதே கேபிளில் கோத்துவிடுங்கள். ஜாயின்ட் முடிந்தபின் ஞாபகம் வந்தால் மறுபடி வெட்டத்தான் வேண்டும்.

மேலுறையை இரு பக்கமும் சுமார் 80 மிமீ உரியுங்கள். செம்பு கறுத்திருந்தால் சுரண்டிச் சமாளிக்காதீர்கள். உப்புநீர் இழைகளுக்கிடையே உள்ளே ஏறியிருக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் போதாவிட்டால் நடுவில் புதுத் துண்டு சேர்த்து இரண்டு ஜாயின்டாகப் போடலாம்.

கோர்களை ஒரே இடத்தில் வெட்டாமல் 30 மிமீ இடைவெளியில் மாற்றி மாற்றி வெட்டினால் ஜாயின்ட் குண்டாகாது. முனையில் 7 மிமீ உரித்து, ஸ்ப்ளைஸின் நடுத் தடுப்பில் முட்டும்வரை நுழையுங்கள். இழை முனைக்கு ஈயம் வைக்கவேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நழுவி பிடி தளரும். டூலில் சிவப்புப் புள்ளியுள்ள பள்ளத்தில், குழலின் ஒவ்வொரு பாதியின் மத்தியிலும் ஒருமுறை அழுத்துங்கள். ராட்செட் தானாக விடும்வரை கையை எடுக்கக்கூடாது.

பிறகு கையால் லேசாக இழுத்துப் பாருங்கள். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தால் இன்னும் நல்லது: 0.5 சதுர மிமீ கோர் 6 கிலோ இழுப்பைத் தாங்கவேண்டும். ஆனால் தராசால் இழுத்துச் சோதித்த ஜாயின்டைப் பயன்படுத்தாதீர்கள். மிச்சத் துண்டில் ஒன்று போட்டுச் சோதித்தால் டூலின் அளவும் சரியா என்று தெரிந்துவிடும்.

இனி ஷீல்டு. ஃபாயில் வகையில் அலுமினியத் தாளைக் கிரிம்ப் செய்ய முடியாது. அதோடு ஒட்டி ஓடும் வெற்றுக் கம்பியைத் தனி ஸ்ப்ளைஸில் சேர்க்கவேண்டும். பின்னல் வகையில் இழைகளைச் சீவி ஒரு பக்கமாக முறுக்கிச் சேருங்கள். தடிமன் கூடினால் அடுத்த பெரிய அளவான நீல ஸ்ப்ளைஸ். ஒரு இழைகூட கோர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பின்னலுக்கு மேலேயே வளையம் போட்டு நெரிப்பவர்களும் உண்டு. அடியில் தாங்கும் உள்வளையம் இல்லாமல் அப்படிச் செய்தால் கோரின் இன்சுலேஷன் நசுங்கி ஷார்ட் ஆகும்.

ஸ்ப்ளைஸ்களை நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சூடாக்குங்கள். இரு ஓரத்திலும் பசை பிதுங்கியதும் நிறுத்துங்கள். லைட்டர் தீ பிவிசியைக் கருக்கிவிடும். டீசல் வாடை நிற்கும் என்ஜின் அறையில் ஹீட் கன்னையும் எடுக்காதீர்கள்.

ஆறியதும் பின்னல் உறையை ஜாயின்டின் மேல் இழுத்து, இரு பக்கமும் பழைய ஷீல்டின்மேல் 15 மிமீ ஏறும்படி தகரம் பூசிய கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது மீட்டரை வையுங்கள்: ஒவ்வொரு கோரும், ஷீல்டும் தொடர்ச்சி காட்டவேண்டும், கோருக்கும் ஷீல்டுக்கும் இடையே ஒன்றும் காட்டக்கூடாது. சரியென்றால் வெளி ஸ்லீவை மேலுறையில் இரு பக்கமும் 50 மிமீ ஏறும்படி வைத்துச் சுருக்குங்கள்.

ஷீல்டை ஜாயின்டில் எர்த் செய்யவேண்டாம். சாதாரண அனலாக் சிக்னலில் கருவி முனையில் மட்டும் எர்த் போதும். சென்சார் முனையை இன்சுலேட் செய்துவிடுங்கள். காற்றாலையில் மின்னல் பாதுகாப்புக்காக இரு முனையும் எர்த் ஆகியிருக்கலாம், அங்கே டிராயிங்கில் உள்ளபடிதான். ஜாயின்டைத் தண்ணீர் தேங்கும் பில்ஜில் (படகின் அடிப்பகுதியில்) தொங்கவிடாமல், வளைவில்லாத இடத்தில் இருபுறமும் கிளிப் அடித்து நிறுத்துங்கள்.