ஃபியூச்சராமாவின் ஓட்டைகளை அடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபியூச்சராமா என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை இப்போதுதான் பார்க்கத் தொடங்கிய சிலர் பேசிக்கொண்டிருந்ததைப் போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒருவர் கதையில் இருக்கும் லாஜிக் ஓட்டை ஒன்றைச் சொல்வார். மற்றவர்கள் அந்த உலகத்துக்குள்ளேயே நின்று ஒரு சமாளிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பல வருடங்களாக நான் ஆசையாக ஆடிவரும் விளையாட்டு இது. அன்று அவர்கள் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் நானும் செய்தவைதான். எபிசோடைப் பார்க்காமல் பேசுவது, பெயரை மாற்றிச் சொல்வது போன்றவை போகப்போகத் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓட்டைதானா என்று பார்க்காமல் அடைப்பது

1999 மார்ச்சில் வந்த முதல் எபிசோடில், பீட்சா கொண்டுவந்த நாயகன் ஃபிரை நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, உறைய வைக்கும் பெட்டிக்குள் விழுந்துவிடுகிறான். அப்போது மேசைக்கு அடியில் ஒரு சின்ன நிழல் தெரியும். வரைந்தவர்களின் பிழை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 2003இல் வந்த ஓர் எபிசோடில் அது நிப்லர் என்ற குட்டி வேற்றுகிரகப் பிராணியின் நிழல் என்றும், ஃபிரையை வேண்டுமென்றே தள்ளிவிட்டதே நிப்லர்தான் என்றும் காட்டினார்கள்.

ஃபிரை 1947க்குப் போய்த் தனக்குத் தானே தாத்தா ஆகிவிடும் கதையும் இப்படித்தான். வெறும் கூத்து என்று நினைத்திருந்தோம். அவன் மூளையில் ஒரு குறிப்பிட்ட அலை இல்லாததற்கு அதுதான் காரணம் என்று அதே 2003 எபிசோட் சொல்லிவிட்டது. நிகழ்ச்சியே அடைத்துவிட்ட ஓட்டைக்கு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அந்த எபிசோடை இன்னொரு முறை பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இது.

2010இல் வந்த ஓர் எபிசோடில் ஃபிரை, அவனுடைய ரோபோ நண்பன் பெண்டர், வயதான விஞ்ஞானியான பேராசிரியர் மூவரும் எதிர்காலத்துக்கு மட்டுமே போகக்கூடிய கால இயந்திரத்தில் ஏறுகிறார்கள். போய்க்கொண்டே இருக்கும்போது பிரபஞ்சமே முடிந்துவிடுகிறது. அப்புறம் அச்சு அசலாக அதேபோல் இன்னொன்று பிறக்கிறது. அதிலும் இறங்க வேண்டிய நேரத்தைத் தவறவிட்டு, மூன்றாவது பிரபஞ்சத்தில்தான் இறங்குகிறார்கள். அங்கே இருந்த இன்னொரு ஃபிரையும் பெண்டரும் பேராசிரியரும் இயந்திரத்துக்கு அடியில் நசுங்கிச் சாகிறார்கள்.

பார்த்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அதற்கு முன் வந்த கதையும் பின் வந்த கதையும் எங்கே முட்டிக்கொண்டாலும், "அது வேற பிரபஞ்சம்" என்றால் முடிந்ததே! வாரம் ஒருமுறை கூடிப் பேசும் நண்பர்களிடம் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் ஒருவர், பல எபிசோடுகளைத் திரும்பப் பார்த்து, குறிப்பெடுத்து, அருமையான கேள்வி ஒன்றோடு வந்தார். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர் "மூணாவது பிரபஞ்சம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அடுத்த கேள்விக்கும் அதே பதில், அதே சிரிப்பு, கொஞ்சம் குறைவாக. சில வாரங்களில் யாரும் கேள்வியே கொண்டுவரவில்லை. பிறகு கூடுவதும் நின்றுபோனது. குறிப்பெடுத்து வந்தவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

போன வாரம் நான் கேட்ட அந்தக் கூட்டத்திலும் "டைம்லைன் மாறிடுச்சு" என்று ஒருவர் ஆரம்பித்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பதில் எந்த ஓட்டைக்கும் பொருந்தும் என்பதாலேயே எதையும் அது அடைப்பதில்லை. ஒரு சமாளிப்பை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வேறொரு ஓட்டையில் வைக்க முடிந்தால், அதைக் கைவிடுங்கள்.

குறிப்பிட்ட ஓட்டைக்கு மட்டும் பொருந்தும் பதில் எப்படி இருக்கும்? ஃபிரை உறைவது 2000 ஜனவரி 1 பிறந்த சில நொடிகளில். பெட்டியின் முள் 1000 வருடத்தில் போய் நிற்கிறது. ஆனால் அவன் வெளியே வருவது 2999 டிசம்பர் 31, பகல் வெளிச்சத்தில். கணக்கு உதைக்கிறது அல்லவா? பெட்டிக்கு நாள்காட்டி தெரியாது, ஒரு வருடத்தின் சராசரி நீளம் மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீப் வருடங்களைச் சேர்த்து நம் நாள்காட்டியின் சராசரி 365.2425 நாள். ஆயிரத்தால் பெருக்கினால் 3,65,242.5 நாள். 3000 ஜனவரி 1 பிறக்க ஆகும் நாள்களோ 3,65,243. அரை நாள் குறைவு. அதாவது பெட்டி திறப்பது டிசம்பர் 31 நண்பகலில்! இந்தக் கணக்குச் சரியாக வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். சூரியனை வைத்து 365.2422 என்று போட்டால் விடிவதற்கு முன்பே திறந்துவிடும், வெளிச்சம் பொருந்தாது. இந்தப் பதிலால் வேறு எந்த ஓட்டையையும் அடைக்க முடியாது. அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம்.

எழுதியவர்களிடமும் இந்தப் பிடிவாதம் இருந்தது. இரண்டு பேரின் மனங்களை உடல் மாற்றி வைத்துவிடும் இயந்திரம் வரும் எபிசோடில், ஒருமுறை மாறிய இரண்டு உடல்கள் மறுபடி தங்களுக்குள் நேராக மாறிக்கொள்ள முடியாது என்று ஒரு விதி வைத்தார்கள். எழுதிய கென் கீலர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எவ்வளவு பேர் மாறிப்போய்ச் சிக்கிக் கிடந்தாலும், புதிதாக இரண்டு பேர் சேர்ந்தால் போதும், விதியை மீறாமல் எல்லாரையும் சொந்த உடலுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நிரூபித்தே கதையை முடித்தார்.

'இப்படி நடந்தால்?' இயந்திரம் காட்டிய கதைகளைச் சான்றாகக் கொண்டுவருவது

வேண்டாம். 'இப்படி நடந்தால்?' என்று கேட்டால் கற்பனையாக ஓட்டிக் காட்டும் பேராசிரியரின் இயந்திரம் அது. அதில் வருபவை கதைக்குள்ளேயே நடக்காதவை.

எழுத்தாளர்களைத் திட்டுவது

அது வேறு விளையாட்டு.

பாத்திரத்தின் குணத்தை மறப்பது

தன் உடம்பில் 40% இது, 40% அது என்று பெண்டர் வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு பொருளைச் சொல்வான். கூட்டினால் நூறைத் தாண்டும். அன்று ஒருவர் உலோகக் கலவை, அடர்த்தி என்று தொடங்கிப் பத்து நிமிடம் விளக்கினார். பெண்டர் பெருமையடிப்பவன், பொய் சொல்பவன் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

நீட்டி முழக்குவது

ஒளியின் வேகத்தைத் தாண்டவே முடியாது என்று பேராசிரியரின் குளோனான சிறுவன் க்யூபெர்ட் மடக்குவான். முடியாதுதான், அதனால்தான் 2208இல் விஞ்ஞானிகள் ஒளியின் வேகத்தையே கூட்டிவிட்டார்கள் என்பார் பேராசிரியர். யார், எப்படி, எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆண்டு மட்டும் துல்லியமாக இருக்கும். உங்கள் சமாளிப்பை முதலில் இந்த அளவுக்குச் சுருக்கிச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் இன்னும் வேண்டும் என்றால் அப்புறம் கணக்கை எடுத்துக் காட்டலாம்.