"இதே மாதிரி ஒண்ணு" என்று லேத் பட்டறையில் சொல்லாதீர்கள்

பழைய புல்லட், யெஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மதுரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் திலகர் திடல் சந்தையில் சாமான் தேடுவோம். கிடைக்கவில்லையென்றால் மறுநாள் தேய்ந்த சாமானைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க" என்போம். முதல் தவறு அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. தேய்ந்ததைக் கொடுத்தால் டர்னர், அதாவது லேத்தில் கடைபவர், தேய்ந்த அளவிலேயே புதிதாக ஒன்று செய்து தருவார்.

என் புல்லட்டின் கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மேல்முனைத் துளையில் உட்காரும் வளையமான புஷ்ஷுக்கு நான் இதைத்தான் செய்தேன். பளபளவென்று புதுப் புஷ் வந்தது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து என்ஜினைப் பூட்டி உதைத்தால், அதே பழைய 'டக் டக்'. பட்டறைமேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் நான் கொடுத்தது தப்பான அளவு.

அளவைத் தேயாத இடத்தில் எடுக்க வேண்டும். பிஸ்டனைக் கன்ராடோடு கோக்கும் பிஸ்டன் பின்னின் நடுப்பகுதிதான் புஷ்ஷுக்குள் ஆடித் தேயும். முனைகள் பிஸ்டனுக்குள் இருப்பதால் அங்கே பெரும்பாலும் பழைய அளவு தப்பித்திருக்கும். புஷ்ஷின் வெளியளவைப் பழைய புஷ்ஷில் பார்க்காமல், அது உட்காரும் கன்ராடு துளையில் பாருங்கள். சாதாரண வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் காட்டும். இங்கே தேவைப்படும் இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் மைக்ரோமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். பழைய ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகள் அங்குலக் கணக்கில் பிறந்தவை என்பதும் நினைவிருக்கட்டும். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ. அதை 19 என்று எழுதிக் கொடுத்தால் பிஸ்டன் பின் புஷ்ஷுக்குள் போகவே போகாது.

சரி, அளவு சரியாக வந்துவிட்டது. அப்போதும் புஷ்ஷை முழுசாகக் கடைந்து வாங்கிவிடக் கூடாது. துளையில் இறுக்கி ஏற்றும்போது புஷ்ஷின் உள்ளளவு சுருங்கும். அதனால் உள்ளே 0.1 மி.மீ. அளவுக்கு மிச்சம் விட்டு, ஏற்றிய பிறகு ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) முடிக்க வேண்டும். எண்ணெய்த் துளை கன்ராடு துளைக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், பிசிறையும் எடுத்துவிடுங்கள். கடைசியில் பிஸ்டன் பின்னில் எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குகளுக்கு இந்தப் பரிசோதனை போதும்.

அடுத்தது சூடு. அளவுகளுக்கு உலகப் பொதுவாக வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. மதுரையில் அது மார்கழி விடியலில் கிடைத்தால் உண்டு. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, லேத்தில் இருந்து அப்போதுதான் எடுத்த 50 மி.மீ. அலுமினியத் துண்டு சுற்றுப்புறத்தைவிட 40 டிகிரி சூடாக இருந்தால், சுமார் 0.045 மி.மீ. பெரிதாக இருக்கும். அந்த நேரத்தில் அளந்து 'கரெக்ட்' என்று எடுத்து வந்தால், வீட்டுக்கு வருவதற்குள் சிறுத்துவிடும். கடைசி வெட்டுக்கு முன் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்வதில் தப்பில்லை.

அதே சூடு நமக்கு உதவியும் செய்யும். என்ஜினின் வெளிக்கூடான அலுமினியக் கேஸிங்கில் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது கேஸிங்கை உடைக்கும் வழி. கேஸிங்கை 100 டிகிரி அளவுக்குச் சீராகச் சூடாக்கினால் துளை விரியும், புஷ் கையாலேயே இறங்கும். ஒரே இடத்தில் கேஸ் பர்னரைக் காட்டினால் கேஸிங் கோணிவிடும்.

உலோகத்தில் நடக்கும் குழப்பம் தனிக் கதை. பித்தளையும் கன்மெட்டலும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் பித்தளையில் செம்போடு துத்தநாகம். கன்மெட்டலில் செம்பு 88 பங்கு, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்பது பழைய கணக்கு. நிறமும் சற்றே சிவப்பாக இருக்கும். மேல்முனை புஷ்ஷுக்குக் கன்மெட்டலோ பாஸ்பர் பிரான்ஸோ (பாஸ்பரஸ் சேர்த்த வெண்கலம்) தான். 'கையில இருந்த பித்தளை' வேண்டாம்.

எஃகில் இன்னொரு நம்பிக்கை உண்டு: பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் எதுவும் இறுகிவிடும் என்பது. திருப்பாச்சேத்தி அரிவாள் இறுகுகிறது என்றால், அது கார்பன் கூடுதலான லாரி ஸ்பிரிங் பட்டை. கடையில் வாங்கும் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடில் கார்பன் குறைவு, எத்தனை முறை முக்கினாலும் பெரிதாக மாறாது. உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரின் ஷாஃப்டை அதில் கடைந்தால் பற்கள் சீக்கிரம் மழுங்கும். இஎன் 24 என்ற உலோகக் கலவை எஃகைக் கேட்டு வாங்கி, முறையான ஹார்டனிங் (சூடாக்கி இறுக வைப்பது) கொடுங்கள். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். ஷாஃப்டில் பெரிய விட்டம் சின்ன விட்டமாக மாறும் மூலையைக் கூராக விடாமல் சின்ன வளைவு கொடுக்கச் சொல்லுங்கள். விரிசல் தொடங்குவது அந்த மூலையில்தான்.

கசியாமல் இருக்க இரண்டு பாகங்களுக்கு நடுவில் வைக்கும் பேக்கிங்கை வெட்டுவது சுலபம், தடிமனில்தான் கோட்டை விடுவோம். கிளட்ச் கவருக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைகூடக் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்கு அடியில் தடித்த பேக்கிங் போட்டால் சிலிண்டரே மேலே ஏறி, போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயுத் துளை) திறக்கும் நேரம் மாறிவிடும், கம்ப்ரஷனும் குறையும்.

போல்ட்டிலும் ஏமாறுவோம். கால் அங்குல, அங்குலத்துக்கு 26 புரி உள்ள துளைக்குள் 6 மி.மீ. போல்ட் சமத்தாகப் போகும். புரி இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் விட்டம் 0.35 மி.மீ. குறைவு. இறுக்கும்போது புரியை வழித்துக்கொண்டு வரும்.

கன்ராடு, அதன் கீழ்முனையைத் தாங்கும் கிராங்க் பின், வால்வு மூன்றையும் பட்டறையில் செய்யச் சொல்லாதீர்கள். உடைந்தால் கேஸிங்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடியவை. எவ்வளவு அலைந்தாலும் சரி, கம்பெனி சாமானே தேடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் உடனே அழகர்கோயில் ரோட்டில் முறுக்க வேண்டாம். பத்து நிமிடம் நிதானமாக ஓடவிட்டு, என்ஜின் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். பொன்னிறத் தூள் நிறைய மினுங்கினால் புஷ் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகள் வந்தால், மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும்.