ரோபோ உள்ள முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேருமுன்

ஜப்பானுக்குக் கைகோ, அதாவது முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகத் தயாராகும் பிள்ளைகளிடம் ரோபோ பற்றி இரண்டு எண்ணங்களைப் பார்க்கிறேன். நம் வேலை போய்விடும் என்ற பயம், கஷ்டமான வேலையை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அங்கே வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டோடும் போகாதீர்கள். நீங்கள் அன்றாடம் தொடப்போவது ஆளைத் தூக்கும் லிஃப்ட், மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார், சில இல்லங்களில் பாரோ என்ற கடல்நாய் (சீல்) வடிவ ரோபோ பொம்மை. அவ்வளவுதான்.

முதலில் லிஃப்ட். முழுக்கப் பிறர் உதவியில் இருப்பவரைக் கையால் தூக்கக் கூடாது என்று ஜப்பான் அரசின் இடுப்புவலித் தடுப்பு வழிகாட்டுதல் 2013 முதல் சொல்கிறது. அதனால் "நானே தூக்கிடுறேன், சீக்கிரம் முடியும்" என்ற வீம்பு வேண்டாம். பயிற்சியின்போது தோழியை இயக்கச் சொல்லி நீங்களே அதில் ஏறிப் பாருங்கள். மார்பை அதன் மேல் சாய்த்து, இடுப்பு கட்டிலை விட்டு எழும்போது வயிறு ஒரு கணம் கலங்கும். அதை அனுபவித்தவர் பட்டனை அழுத்துமுன் தானாகவே முதியவரின் முகத்தைப் பார்ப்பார். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பாருங்கள், பாதம் சரியாக இருக்கிறதா பாருங்கள், "இப்போ எழுப்பப் போறேன்" என்று சொல்லி, அவர் தலையசைத்த பிறகு அழுத்துங்கள். ஒவ்வொரு செயலுக்கும் முன் இப்படிச் சொல்வதை அங்கே கோஎகாகே என்பார்கள். இயந்திரம் வந்ததால் அது இரண்டு மடங்கு தேவை.

சென்சார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு, தூக்கம், கட்டிலை விட்டு எழுவது எல்லாம் திரையில் தெரியும். நன்றாகத் தூங்குகிறவரை டயப்பர் பார்ப்பதற்காக எழுப்பாமல் இருக்கலாம், அது பெரிய உதவி. ஆனால் எழுந்துவிட்டார் என்று அலாரம் வந்தால் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஓடுங்கள்.

பாரோவுக்குத்தான் பொறுமை வேண்டும். 1993 முதல் ஜப்பானியப் பொறியாளர் ஷிபாதா தகானோரி உருவாக்கிய இது சுமார் 2.7 கிலோ இருக்கும். மெலிந்த மடிக்கு அது கனம், மேசை மேல் வையுங்கள். முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். நீங்களே முதலில் முதுகை வருடுங்கள். அது கண்ணைத் திறந்து தலையைத் திருப்பும், குரல் கொடுக்கும். முதியவர் தானாகக் கை நீட்டினால் சரி. முகம் சுளித்தால் எடுத்துவிடுங்கள், மறுபடி கேட்டு வற்புறுத்த வேண்டாம். சிலருக்கு அது தம்மைக் குழந்தையாக்குவது போல் படுகிறது, அந்தக் கோபம் நியாயமானது. மறதி நோய் உள்ளவர் "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள், வாதாடவும் வேண்டாம். "ரோபோதான், தொட்டா திரும்பிப் பார்க்கும்" என்றால் போதும். மடியில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். பக்கத்தில் உட்காருங்கள். அதை வருடும்போதுதான் பலர் தாம் வளர்த்த நாயைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அவர் சொன்னதை அன்றைய பதிவேட்டில் எழுதுங்கள், அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் அங்கிருந்து பேச்சைத் தொடரட்டும்.