நீலம் மட்டும்: நடுவர் தேர்வோடு ஒற்றை நிறக் கண்காட்சி நடத்துவது எப்படி

நீலத்தைத் தலைப்பாக அறிவித்தால் முதல் தகராறு ‘எது நீலம்?’ என்பதில்தான் வரும். மயில்கழுத்துப் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு (நீளவாட்டு நூல்) நீலம், ஊடை (குறுக்கு நூல்) பச்சை. மடிப்பைத் திருப்பினால் நிறமும் திரும்பும். நெய்தவர் நீலம் என்பார், நடுவர் பச்சை என்பார், இருவர் சொல்வதும் சரிதான். இந்த வழக்கைப் படைப்புகளைக் கேட்டு வெளியிடும் அழைப்பு அறிக்கையிலேயே தீர்த்துவிட வேண்டும்.

‘பரப்பில் 70 சதவீதம் நீலம் இருக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். அதை யாராலும் அளக்க முடியாது. ‘3 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் படைப்பு நீலமாகத் தெரிய வேண்டும். கறுப்பு, வெள்ளை, மரம், களிமண் போன்றவற்றின் இயல்பு நிறம் ஆகியவற்றுக்குத் தடையில்லை. வேறு நிறம் உள்ளங்கை அளவைத் தாண்டக் கூடாது’ என்று எழுதுங்கள். தஞ்சாவூர் பாணியில் நீலக் கண்ணன் ஓவியங்கள் கட்டாயம் வரும். அவற்றில் மேலோங்குவது தங்கத் தாள்தான். ஏற்பீர்களா, மாட்டீர்களா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் புகைப்படம். காட்சி முழுக்க நீலமாக இருந்தால் கைப்பேசிக் கேமரா வெளிச்சமே நீலமாக இருப்பதாக எண்ணி மஞ்சளைக் கூட்டிவிடும். ஆழ்நீலம் சாம்பல் பூத்து வந்து சேரும். அதனால் இரண்டு படங்கள் கேளுங்கள்: படைப்பின் ஓரத்தில் சாம்பல் அட்டை (நிறத்தைச் சரிபார்க்க உதவும் நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) வைத்து ஒன்று, வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பக் கேமரா செய்யும் திருத்தம்) மாற்றாமல் அட்டையை எடுத்துவிட்டு இன்னொன்று. வெயில் நேராகப் படாத நிழலில் எடுக்கச் சொல்லுங்கள். எஸ்ஆர்ஜிபி (sRGB, திரைகளுக்கான பொது நிற முறை) ஜேபெக் கோப்பு, நீளப் பக்கம் 2000 பிக்சல் போதும். கோப்பின் பெயரில் பதிவு எண் மட்டும் இருக்கட்டும். படத்தின் மூலையில் கையெழுத்து தெரிந்தால் மறைத்த பிறகே நடுவருக்கு அனுப்புங்கள்.

நடுவர்கள் 3 பேர். மூவரும் ஓவியர்களாக இருந்தால் துணியும் சிற்பமும் அடிபடும். ஒருவராவது வேறு ஊடகத்தில் வேலை செய்பவராக இருக்கட்டும். முதல் சுற்றில் ‘உண்டு, இல்லை’ மட்டும். இருவர் உண்டு என்றால் அடுத்த சுற்று. அதில் 1 முதல் 6 வரை மதிப்பெண். 5 வரை வைத்தால் முடிவெடுக்கத் தயங்குபவர் எல்லாவற்றுக்கும் 3 போடுவார். 6 வரை வைத்தால் நடு எண்ணே கிடையாது. தன் மாணவரின் படைப்பு என்று தெரிந்தால் நடுவர் விலக வேண்டும், மற்ற இருவரின் சராசரியே மதிப்பெண்.

ஒற்றை நிறத் தேர்வுக்கே உரிய ஓர் ஆபத்தை அனுபவசாலிகளும் கவனிப்பதில்லை. தொடர்ந்து நீலத்தையே பார்க்கும் கண் அதற்குப் பழகி, நேரம் போகப்போக நிறம் மங்கித் தெரியும். கடைசியில் வந்த படைப்புகள் தம் குறையே இல்லாமல் தோற்கும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே வெறும் சாம்பல் திரை காட்டுங்கள், 25 படத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள், மூவருக்கும் வரிசையை வெவ்வேறாகக் கலைத்து அனுப்புங்கள்.

விண்ணப்பத்தில் ‘எந்த நீலம்?’ என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள். ‘அக்ரிலிக்’ என்ற பதில் போதாது, நிறமியின் பெயர் வேண்டும். அல்ட்ராமரீன் அமிலம் பட்டால் வெளுக்கும். பிரஷ்யன் நீலம் காரத்தில் கெடும், சுண்ணாம்புச் சுவருக்கு ஆகாது. சயனோடைப் (இரும்பு உப்புகளால் நீலமாக அச்சாகும் பழைய புகைப்பட முறை) அச்சு வெளிச்சத்தில் மங்கும், இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும். அந்தத் தகவலைப் பெயர்ச்சீட்டிலும் போட்டால் பார்வையாளர் நின்று படிப்பார். விழுப்புரம் பக்கத்து அவுரி (இண்டிகோ செடிச் சாயம்) என்றால் அந்த ஊரையும் எழுதுங்கள். யின்மின் (YInMn) என்ற செயற்கை நீல நிறமி என்றால், 2009இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த வேதியியலாளர் மாஸ் சுப்பிரமணியன் என்று ஒரு வரி சேருங்கள்.

கூடத்தில் விளக்குதான் பாதி வேலை. மஞ்சள் விளக்கின் கீழ் நீலம் செத்துவிடும். 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) எல்.இ.டி. வாங்குங்கள். சி.ஆர்.ஐ. (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90 என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள்; அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர்நீலம் அதில் சேராது. அடர்நீலத்துக்கான எண் ஆர்12. அதைத் தனியாகக் கேட்டு, 80க்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிச்ச அளவு: தாள், துணி, நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200.

சுவர்க் கணக்கு எளிது. 36 மீட்டர் சுவர், படைப்புகளின் சராசரி அகலம் 60 செ.மீ., இடைவெளி 60 செ.மீ. என்றால் 30 படைப்புகள் கொள்ளும். தேர்வை 26இல் நிறுத்திவிட்டு மிச்சத்தை வெற்றுச் சுவராக விடுங்கள். கண் இளைப்பாற அந்த வெள்ளை வேண்டும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. ஆணிக்கு: 150உடன் உயரத்தில் பாதியைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் அதன் உச்சி சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 80 செ.மீ. உயரப் படம், 7 செ.மீ. கம்பி இறக்கம் என்றால் ஆணி 183இல். வெளிர்நீலத்தில் தொடங்கிக் கருநீலத்தில் முடியும்படி அடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி அடுக்கினால் பெயிண்ட் கடை வண்ண அட்டை போலாகிவிடும். நிறம் எல்லாவற்றுக்கும் பொது. எனவே மேற்பரப்பை வைத்து வரிசைப்படுத்துங்கள்: பளபளப்புக்குப் பக்கத்தில் தூள் பூசியது, கண்ணாடிக்குப் பக்கத்தில் கதர்.

கையேடு அச்சிடும்போது நீலம் ஊதாவாக மாறும். அச்சு மைகளில் சயானுக்கும் (வெளிர்நீலம்) மஜென்டாவுக்கும் (இளஞ்சிவப்பு) குறைந்தது 30 சதவீதப் புள்ளி இடைவெளி வையுங்கள், சயானே கூடுதலாக இருக்கட்டும். அச்சகத்தில் மாதிரித் தாள் எடுத்து, அதை மூலப் படைப்பின் பக்கத்தில் கூடத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.