மிட்டாய் மணக்கும் புகையிலை: கிராம சபையில் எழுந்து பேசப் போகிறவர்களுக்கு

என் அப்பா குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் முறுக்கான் கடை வைத்திருந்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணப் புகையிலை. எட்டு வயதில் ஒருநாள், அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு துண்டுப் புகையிலையை வாயில் போட்டுவிட்டேன். தலை சுற்றிக் கடைத் திண்ணையிலேயே வாந்தி. அதற்கப்புறம் இன்றுவரை அதைத் தொட்டதில்லை.

இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். 2023-இல் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், செய்யுளை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தபோது புதினா மிட்டாய் மணம். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் சின்னதாக ஒரு புகையிலைப் பை. என்னை எட்டு வயதில் விரட்டிய அந்தக் காரத்தை, இவனுக்குத் தெரியாதபடி வாசனையால் மூடி விற்றிருக்கிறார்கள். வாசனை சேர்ப்பதன் முழு வேலையும் அதுதான். இந்த ஒரு விஷயத்தைச் சபையில் புரியவைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நான் முதல் தடவை தோற்றேன். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து, "நம்ம ஊரில் புகையிலையே விற்கக் கூடாது" என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "பாட்டி போடுற வெத்தலையையும் பிடுங்குவியா பிள்ளே?" என்றார். கூட்டம் அவர் பக்கம் போய்விட்டது. ஊராட்சிக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று செயலரும் சொல்ல, பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆகவே முதலில், எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். குட்கா, பான் மசாலா, எந்தப் பெயரில் வந்தாலும் புகையிலையோ நிகோட்டினோ கலந்த மெல்லும் சரக்கு ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2013 மே மாதம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. அதை ஆண்டுதோறும் நீட்டித்து வந்தார்கள். 2023 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது; சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்தது, அதனால் விற்பனைத் தடை மறுபடி நடப்புக்கு வந்தது. "கோர்ட்டே விற்கலாம்னு சொல்லியாச்சு" என்று யாராவது கிளப்பினால், இந்த இரண்டாவது பாதியைச் சொல்லுங்கள். பழ வாசனை வரும் மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது.

சிகரெட் வேறு கதை. மென்தால் சிகரெட், கடித்தால் வாசனை வரும் குமிழ் வைத்த சிகரெட் எதற்கும் இங்கே தனித் தடை இல்லை. அவற்றுக்கு 2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டம்தான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. வெற்றிலை பாக்கை யாரும் தடை செய்யவில்லை. இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், பெரியவர்கள் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

அடுத்தது அளவு. 100 கெஜம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர். பலரும் பள்ளி வாசலிலிருந்து ரோடு வழியாக நடந்து அளக்கிறார்கள். அது தவறு. பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்தோ வேலியிலிருந்தோ வட்டமாக அளக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நம் மாவட்டத்தில் இது பெரிய வித்தியாசம். ரோடு தோப்பையும் விளையையும் சுற்றிச் சுற்றித்தானே போகும்? எங்கள் பள்ளியின் பின்சுவரிலிருந்து ஒரு கடை தென்னந்தோப்பு வழியே 70 மீட்டர். ரோட்டில் போனால் 160 மீட்டர். கடைக்காரர் தான் சட்டத்துக்கு வெளியே இருப்பதாக உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தார். கைபேசி வரைபடத்திலேயே தூரம் அளக்கலாம். அதைப் படம் பிடித்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். விற்கிற கடையில் 18 வயது எச்சரிக்கைப் பலகை 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

சரி, இனி முக்கியமான வேலை. சபைக்கு முன்பே கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். பெட்டிக்கடைக்காரர் மகளாகச் சொல்கிறேன், அந்த ஆளைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்தினால் நீங்கள் ஜெயித்தாலும் ஊர் இரண்டாகிவிடும். நான் ஒரு மத்தியான நேரம், கூட்டம் இல்லாதபோது போனேன். எலுமிச்சை சர்பத் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டேன். "டீச்சரே, நான் விக்கலேன்னா எதுத்தவன் விப்பான். பயலுவ அங்க போவான், கூடவே முறுக்கும் சோடாவும் அங்கேயே வாங்குவான். எனக்குத்தான் நட்டம்" என்றார். அவர் பயம் பாக்கெட்டில் கிடைக்கும் லாபத்தைப் பற்றியது இல்லை, எதிர்க்கடையைப் பற்றியது. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான், "எல்லாக் கடைக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி" என்ற வரியைத் தீர்மானத்தில் சேர்த்தேன். பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம் சொன்னேன்: தடை செய்த சரக்குக்கு முதல் முறை 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடை மூடல், இரண்டாம் முறை 50,000, 30 நாள், மூன்றாம் முறை ஒரு லட்சம், 90 நாள். மிரட்ட வேண்டாம். தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்வதுபோல் சொன்னால் போதும். அவர் சபைக்கு வந்தார், எதிர்த்துப் பேசவில்லை.

சபையில் என்ன வாதம் வரும்? "களியக்காவிளை தாண்டிப் போய் வாங்கிட்டு வருவான்" என்பார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளம். கேரளத்திலும் 2012 முதல் குட்காவுக்குத் தடை. அதோடு, கையில் பத்து ரூபாய் வைத்திருக்கிற பையன் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போகமாட்டான். பள்ளிப் பக்கத்தில் கிடைப்பதால்தான் வாங்குகிறான். "பெரியவங்க இஷ்டம்" என்பார்கள். பெரியவரின் இஷ்டத்தில் நாம் கைவைக்கவில்லை, பிள்ளைக்குத் தூண்டில் போடாதே என்கிறோம், அவ்வளவுதான்.

இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2020-இல் மென்தால் உட்பட வாசனைப் புகையிலை விற்பனையை நிறுத்தியது. கலிபோர்னியா 2020-இல் சட்டம் போட்டதும், புகையிலைக் கம்பெனிகளின் பணத்தில் கையெழுத்துத் திரட்டி அதைப் பொது வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 2022 நவம்பரில் மக்கள் தடைக்கே வாக்களித்தார்கள். சிறுகடை அழியும், பக்கத்து மாநிலத்துக்கு வியாபாரம் போகும் என்ற அதே பேச்சு அங்கேயும் இருந்தது. இதைச் சபையில் ஒரு நிமிடத்துக்கு மேல் சொல்லாதீர்கள், தூரத்துக் கதை கூட்டத்தைக் கலைத்துவிடும்.

தீர்மானத்தை எழுதிக் கையோடு கொண்டு போங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "நம் ஊராட்சி எல்லைக்குள் உள்ள பள்ளி, அங்கன்வாடி ஆகியவற்றின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும், ஊராட்சி முழுவதும் தடை செய்யப்பட்ட வாசனைப் புகையிலையும் விற்கப்படாமல் இருக்க, எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் ஆய்வு செய்யுமாறு உணவுப் பாதுகாப்புத் துறையையும் காவல்துறையையும் இச்சபை கேட்டுக்கொள்கிறது. ஊராட்சிக்குச் சொந்தமான கடைகளை இனி வாடகைக்கு விடும்போது புகையிலை விற்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட வேண்டும்." ஊராட்சிக்கு இல்லாத அதிகாரம் எதையும் இதில் கேட்கவில்லை. செயலரால் மறுக்க முடியவில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஒரு வாரம் முன்பே மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பெண்களை அழைத்து வாருங்கள்; எங்கள் மகளிர் குழுவிலிருந்து நாற்பது பேர் வந்ததால்தான் ஜனவரி 26 அன்று கை தூக்க ஆள் இருந்தது. பேரூராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை (நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் நிறைய). அவர்கள் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுத்து மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்ல வேண்டும்.

தீர்மானம் நிறைவேறியதும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே பார்த்து நகல் கேளுங்கள். அந்த நகலோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அடுத்த சபையில் எழுந்து, "போன தீர்மானம் என்ன ஆச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

அந்தப் பையன் பெயரைச் சபையில் எங்கும் சொல்லவில்லை, நீங்களும் யார் பிள்ளையின் பெயரையும் சொல்லாதீர்கள். அவனுக்குத் தேவை வேறு. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை சொல்கிறார்கள். ஒரு சாயங்காலம் டியூஷன் முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு, என் போனிலிருந்தே அவனைப் பேச வைத்தேன். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அவன் நெடுநேரம் பேசினான்.