கப்பல் பேனலுக்குள் கருவி வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலில் எந்த மின் பேனலைத் திறந்தாலும் உள்ளே ஏதாவது ஒரு கருவி இருக்கும். சில, பேனலோடு சேர்த்துத் தயாரிப்பாளரே கொடுத்தவை: பிரேக்கரை வெளியே இழுக்கும் கைப்பிடி, ஃபியூஸ் புல்லர், பேனல் சாவி, எலக்ட்ரானிக் கார்டு எடுக்கும் கொக்கி. சில, "அடுத்த தடவை தேவைப்படும், இங்கேயே இருக்கட்டும்" என்று யாரோ வைத்துவிட்டுப் போனவை: ஒரு டெஸ்டர், பாதி தீர்ந்த இன்சுலேஷன் டேப், ஒரு 10-11 ஸ்பேனர், பழைய ஃபியூஸ் நாலைந்து. முதல் வகைக்குப் பேனலில்தான் இடம். இரண்டாம் வகைக்கு அங்கே இடமே இல்லை. கருவி வைப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருபவை.

கப்பலின் மின் அதிகாரியான ஈ.டி.ஓ.வாகவோ ஜூனியர் இன்ஜினியராகவோ முதல் கப்பல் ஏறப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் கருவிகளை அடுக்குவது பற்றிப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். பேனலைப் பற்றித்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

கருவி வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்புவது

உந்துவிசைக்கும் கப்பலின் பாதுகாப்புக்கும் தேவையான இயந்திரங்கள், கப்பல் ஒரு பக்கமாக 15 டிகிரி சாய்ந்து நின்றாலும், இருபுறமும் 22.5 டிகிரி வரை உருண்டாலும் இயங்க வேண்டும் என்கிறது கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 22.5 டிகிரி சாய்ந்தே நின்றாலும் முழு மின்சாரம் தர வேண்டும். மோசமான கடலில் கன்டெய்னர் கப்பல்கள் 30 டிகிரியைத் தாண்டி உருள்வதும் உண்டு. பிரேக்கரும், மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சான காண்டாக்டரும் இதையெல்லாம் தாங்கும்படி போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை. பிரேக்கரின் தலைமேல் சும்மா வைத்த ஸ்க்ரூடிரைவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

உருளாத நாளிலும் கப்பல் சும்மா இருப்பதில்லை. 60 ஹெர்ட்ஸ் கப்பல்களில் ஜெனரேட்டர் என்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 720 அல்லது 900 சுற்றில் ஓடுகின்றன. அந்த அதிர்வு இரவு பகலாகப் பேனல் தகட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். தட்டையான தட்டில் வைத்த கருவி கண்ணுக்குத் தெரியாத அளவில் நகர்ந்து நகர்ந்து ஒருநாள் விளிம்புக்கு வந்துவிடும்.

விழுந்தால் என்ன ஆகும்? மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகப் பட்டைகளான பஸ்பார் இரண்டுக்கு நடுவே விழுந்தால் அடுத்த கணமே ஷார்ட் சர்க்யூட். பல்லாயிரம் ஆம்பியர் பாய்ந்து, ஆர்க் வெடித்து, முன்னால் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. இதை எல்லோரும் அறிவார்கள். அதிகம் பேசப்படாதது இன்னொரு வகை. பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் 440 வோல்ட் மின்சுற்றின் நியூட்ரல் கப்பலின் இரும்பு உடலோடு (ஹல்) இணைக்கப்படுவதில்லை. ஆகவே விழுந்த ஸ்பேனர் ஒரே ஒரு ஃபேஸையும் பேனல் உடம்பையும் மட்டும் தொட்டால் எதுவும் டிரிப் ஆகாது. எர்த் கோளாறைக் காட்டும் எர்த் லாம்ப் மூன்றில் ஒன்று மங்கும், மற்ற இரண்டும் பிரகாசமாகும். இன்சுலேஷன் மீட்டர் சரிந்து அலாரம் அடிக்கும். கப்பல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஈ.டி.ஓ. சமையலறை ஹீட்டரை நிறுத்திப் பார்ப்பார், டெக் லைட்டை நிறுத்திப் பார்ப்பார், ஸ்விட்ச்போர்டிலிருந்து வெளியே போகும் மின்வழிகளை ஒவ்வொரு ஃபீடராக அணைத்துத் தேடுவார். எதை அணைத்தாலும் எர்த் போகாது, ஏனென்றால் கோளாறு எந்த ஃபீடரிலும் இல்லை, போர்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரத்தில் வேறொரு ஃபேஸில் எங்கோ ஒரு ஈரமான ஜங்ஷன் பாக்ஸ் எர்த் ஆனால் இரண்டும் சேர்ந்து ஷார்ட் சர்க்யூட்டாகிவிடும்.

ஆகவே பேனலில் இருக்க வேண்டிய கருவியும் இரண்டு இடத்தில் பிடிக்கப்பட்டு இருக்க வேண்டும். ஸ்பிரிங் கிளிப் ஒன்று மட்டும் போதாது, கிளிப்பும் அடியில் ஒரு தாங்கு விளிம்பும் வேண்டும். அதோடு அது மின்சாரம் ஓடும் பகுதிக்கு மேலே இருக்கவே கூடாது. கிளிப் விட்டாலும் கருவி விழும் பாதையில் வெறும் தகடுதான் இருக்க வேண்டும். தனிக் கதவும் முழுத் தடுப்புத் தகடும் உள்ள அடித்தட்டு அறை இருந்தால் அதுவே நல்ல இடம். பழைய போர்டுகளில் அப்படி அறை இல்லையென்றால் பேனலுக்கு வெளியே, பக்கத்துச் சுவரில் ஒரு சிறிய பெட்டி வைத்துவிடுவது எவ்வளவோ மேல்.

காந்தப் பட்டையும் ஸ்பாஞ்சும்

ஒர்க்‌ஷாப் சுவரில் வரிசையாகக் கருவிகளைப் பிடித்து வைத்திருக்கும் காந்தப் பட்டையைப் பார்த்து, அதையே பேனல் கதவிலும் ஒட்டுகிறார்கள். அதிர்வில் கருவி காந்தத்தின் மேல் மெல்லச் சறுக்கும். கிரைண்டிங் செய்த இரும்புத் தூளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு அதே தூள் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் டெர்மினல்மேல் உதிரும். பிரிட்ஜ் கன்சோலில் இது இன்னும் மோசம். காந்தத் திசைகாட்டி பொதுவாக வீல்ஹவுஸுக்கு நேர் மேலே, மங்கி ஐலண்ட் எனப்படும் கூரைத் தளத்தில் இருக்கும். பிரிட்ஜுக்கான மின்னணுச் சாதனங்களில் திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் அச்சிட்டே தருகிறார். அதையெல்லாம் பார்த்துப் பொருத்திவிட்டு, கன்சோலுக்குள் காந்தத் தட்டும் காந்த பிக்கப் டூலும் போட்டு வைப்பதில் என்ன பொருள்?

ஸ்பாஞ்ச் வெட்டி, கருவியின் வடிவத்துக்குக் குழி போட்டு அதில் வைப்பது நல்ல பழக்கம். குழி காலியாக இருந்தால் கருவி போய்விட்டது என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் மெத்தை ஸ்பாஞ்ச் வேண்டாம். அது கடல் ஈரத்தையும் உப்பையும் எண்ணெய் ஆவியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு கருவியைத் துருப்பிடிக்க வைக்கும். என்ஜின் ரூம் சூட்டில் இரண்டொரு வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து கூலிங் ஃபேன் ஃபில்டரை அடைக்கும். தண்ணீர் உறிஞ்சாத பாலிஎத்திலீன் ஃபோம் வாங்குங்கள். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள் என்று இரண்டு நிறத்தில் வருவது இன்னும் நல்லது, காலியான குழி தூரத்திலிருந்தே மஞ்சளாகத் தெரியும்.

கதவில் துளை போடுவது

கிளிப் பொருத்தக் கதவில் நாலு துளை போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர், தூசி புகாமல் இருக்கப் பேனலுக்கு ஒரு ஐ.பி. தரம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துளையிலேயே அது போய்விடும். துளையிடும்போது விழும் உலோகச் சுருள் காண்டாக்டருக்குள் போய் உட்காரும். கதவில் எடை ஏற ஏற ஹின்ஜ் தொங்கி, ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் அமுங்கி மறு மூலையில் இடைவெளி விடும். கதவுக்கும் உடம்புக்கும் இடையே பின்னல் செம்புக் கம்பியால் எர்த் இணைப்பு இருக்கும், வயர்க் கட்டும் அந்தப் பக்கமாகத்தான் மடங்கி வரும். அந்த மடிப்பில் ஒரு குறடு நீட்டிக்கொண்டிருந்தால், கதவை மூடும் ஒவ்வொரு முறையும் வயரின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உரியும். கட்டாயம் வேண்டுமென்றால் தயாரிப்பாளரிடம் கேட்டு, அவர்கள் வைத்திருக்கும் ஸ்டட் புள்ளிகளிலேயே பொருத்துங்கள்.

மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கேபினெட்டில் காற்று போகும் அடி இடைவெளியில் எதையும் வைக்காதீர்கள், ஒரு துணிப்பையைக்கூட.

வேண்டிய இடத்தில் வேண்டிய கருவி இல்லாமல் இருப்பது

இத்தனை சொன்னதைக் கேட்டு, எல்லாக் கருவியையும் வாரிக்கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் பூட்டிவிடுவதும் தவறு. கப்பல் முழுக்க இருண்டுவிட்டால் எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் லோடு எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்கவில்லையென்றால் யாராவது அங்கே ஓட வேண்டும். அந்த ஜெனரேட்டர் என்ஜின் ரூமில் இருக்காது. தொடர்ச்சியான மேல் டெக்குக்கு மேலே, திறந்த டெக்கிலிருந்து போகக்கூடிய அறையில்தான் இருக்கும். ஓடிப்போனவருக்கு டார்ச்சும் பேனல் சாவியும் பிரேக்கர் ஸ்பிரிங்கைக் கையால் ஏற்றும் கைப்பிடியும் அந்த அறையிலேயே கிடைக்க வேண்டும். சாவி என்ஜின் கன்ட்ரோல் ரூம் மேசை டிராயரில் இருந்தால் அத்தனை டெக் இறங்கி மறுபடி ஏற வேண்டும், அதுவும் லிஃப்ட் இல்லாமல், இருட்டில்.

டெர்மினல் ஸ்க்ரூடிரைவருக்கும் இதே நியாயம்தான். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் டாலி என்ற கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் சொன்ன காரணம், சரியாக நுழையாத ஒரு சிக்னல் வயர். வயரின் பெயர்ப் பட்டை குறுக்கே இருந்ததால் அது ஸ்பிரிங் டெர்மினலுக்குள் முழுதாகப் போகவில்லை. இணைப்பு தளர்ந்து பிரேக்கர் திறந்துகொண்டது. அது வயரைப் பொருத்தியதில் நடந்த பிழை, கருவி வைத்த இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பேனலுக்குள் ஒரு வயர் நுனி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. ஸ்பிரிங் டெர்மினலுக்கு 2.5 மி.மீ., 3.5 மி.மீ. என்று அளவான தட்டை முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அது பேனல் பக்கத்தில் இல்லாவிட்டால், சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டரை நுழைத்து நெம்புவார்கள். ஸ்பிரிங் கெட்டுவிடும். வயர் பிடித்ததுபோல் தெரியும், பிடித்திருக்காது. அளவான அந்த இரண்டு ஸ்க்ரூடிரைவரும் ஒவ்வொரு ஆட்டோமேஷன் கேபினெட் அருகிலும் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வைத்த இடத்திலேயே கெட்டுப்போகிறவை

ரப்பர் கையுறையை மடித்துத் திணிக்கக் கூடாது, மடிப்பில் வெடிக்கும். கிளாஸ் 0 கையுறை 1000 வோல்ட் வரைக்கும்தான். 6.6 கிலோவோல்ட் போர்டு உள்ள கப்பலில் அதையும் உயர் மின்னழுத்தத்துக்கான கையுறையையும் ஒரே பையில் வைப்பது உயிரோடு விளையாடுவது. போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சை அதன் அளவுகோலின் அடி எண்ணுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஸ்பிரிங் அளவு மாறும். மாதக்கணக்கில் எடுக்காத மல்டிமீட்டரில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஒழுகினால் மீட்டரே போச்சு. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைப் பேனலுக்குள் வைக்கவே வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, என்ஜின் ரூமே பல நாள் 45 டிகிரியைத் தொடும். காட்டன் வேஸ்ட்டுக்கும் அதே கதைதான்.

எண்ணாமல் கதவை மூடுவது

கதவின் உள்பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள். இந்தப் பேனலுக்குரிய கருவிகள் எவை, எத்தனை என்று அதில் இருக்கட்டும். வேலைக்கு வெளியிலிருந்து கொண்டுபோனவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதி, உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே மின்சாரம் கொடுங்கள். ஒரு சாக்கெட் குறைகிறதென்றால் பேனல் மூடப்படாது, செகண்ட் இன்ஜினியர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. விழுவதைப் பிடிக்க அடியில் ஒரு ட்ராப் ட்ரே வைத்து வேலை செய்தால் தேட வேண்டிய இடமும் குறையும்.

கருவி அதிகம் காணாமல் போவது ஆள் மாறும் நாளில். காண்டிராக்ட் முடித்து இறங்குகிறவர், தன் சொந்தக் கருவி என்று நினைத்து ஃபியூஸ் புல்லரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருப்பார், அல்லது தன்னுடைய ஸ்க்ரூடிரைவரை ஏதோ ஒரு பேனலில் விட்டுவிட்டுப் போயிருப்பார். ஹேண்டோவர் நோட்டில் "டூல்ஸ் ஓகே" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எமர்ஜென்சி ஸ்விட்ச்போர்டையும் மெயின் ஸ்விட்ச்போர்டையும் இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். அட்டையை வாசித்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரேக்கர் கைப்பிடியை அதன் துளையில் பொருத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேறொரு பிரேக்கரின் கைப்பிடி அந்தக் கிளிப்பில் கச்சிதமாக உட்கார்ந்திருப்பதும் நடக்கும்.